மைக் ராய்கோ: 7,500 பத்தியும் பக்கத்துக் கட்டடத்துப் பத்திரிகையும்

ஒரு வாசகரின் கேள்வி:
"சிகாகோவில் மைக் ராய்கோ என்று ஒருவர் பத்திரிகையில் வாரத்துக்கு 5 பத்தி (column) வீதம் 30 வருஷத்துக்கு மேல் எழுதினாராம், மொத்தம் 7,500 பத்தியாம். இதெல்லாம் ஒரே ஆள் எழுதியதா, இல்லை ஆள் வைத்து எழுதியதா? ஒரே ஆள் என்றால் முக்கால்வாசி குப்பையாகத்தானே இருக்கும்? அப்புறம் இன்னொன்று. பதவியில் இருக்கிற மேயரைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். அந்தத் துணிச்சல் இன்றைக்கு ஏன் ஒருத்தரிடமும் இல்லை?"

பிப்ரவரி 9, மாலை

ஒரே ஆள்தான். கணக்கும் சரியாகத்தான் வருகிறது. 1960களின் தொடக்கத்தில் சிகாகோ டெய்லி நியூஸில் பத்தி ஆரம்பித்தவர், 1997 மார்ச்சில் கடைசிப் பத்தி எழுதினார், அடுத்த மாதம் 29ஆம் தேதி இறந்தார். வயது 64. லீவு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் கழித்து வருஷத்துக்கு 230 என்று வைத்தாலும் 7,500 வந்துவிடும்.

ஆள் வைத்திருந்தார் என்பதும் உண்மை, ஆனால் எழுத அல்ல. இளம் நிருபர் ஒருவர் உதவிக்கு இருப்பார். ஃபோனை எடுப்பது, புலம்புகிறவர் சொல்வது மெய்யா என்று விசாரிப்பது, சம்பந்தப்பட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டு "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்பது எல்லாம் அவர் வேலை. எழுதுவது ராய்கோ வேலை.

கேட்டவருக்கு நம்பிக்கை வராதது ஆச்சரியமில்லை. ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தபோது வாரம் ஒரே ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். குஷியாக ஒத்துக்கொண்டேன். முதல் சில வாரம் மனதில் ஊறிக் கிடந்ததெல்லாம் வந்தது. அப்புறம் வியாழக்கிழமை வந்தாலே வயிற்றைக் கலக்கும். மேட்டர் தீர்ந்துபோகிறது என்பதுதான் பத்தி எழுத்தின் முதல் உண்மை. மேட்டரைத் தேடிப் போகிறவனுக்கு அது தீர்வதில்லை என்பது இரண்டாவது. எனக்கு அந்த இரண்டாவது உண்மை ராய்கோவைப் படித்த பிறகுதான் உறைத்தது.

பிப்ரவரி 9, இரவு

குப்பைக் கேள்விக்குப் பதில் விட்டுப்போனது. சிகாகோ பக்கம் புறநகரில் சில வருஷம் இருந்தேன். அங்கே நூலகத்தில் பழைய பத்திரிகைகள் மைக்ரோஃபிலிமில் கிடைக்கும். தொகுப்புப் புத்தகங்களில் இருப்பது பொறுக்கி எடுத்தது, அதில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். சுருளை மாட்டி மாசக் கணக்கில் ஓட்டிப் பார்த்தால்தான் ஆளின் நிஜ எடை தெரியும். மூன்றில் ஒன்று சுமார். சாஃப்ட்பால் என்கிற பேஸ்பால் மாதிரி ஆட்டம், சாப்பாடு, கம்ப்யூட்டர் மேல் எரிச்சல், ஒரு முட்டாள் வாசகர் கடிதம், அதற்கு இவருடைய பதில். ஆனால் சுமாரான அன்றைக்கும் முதல் வரி நம்மை உள்ளே இழுத்துவிடும். திங்கட்கிழமை சுமார், செவ்வாய்க்கிழமை சுமார், புதன்கிழமை தலையில் அடித்த மாதிரி ஒன்று வரும்.

சாஃப்ட்பால் என்றதும் ஞாபகம் வருகிறது. சிகாகோவில் 16 அங்குலச் சுற்றளவுப் பந்தை வெறும் கையால் பிடித்து ஆடுவார்கள். விரல் கோணிப் போனவர்கள் அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். 1977இல் பூங்கா நிர்வாகம் கையுறை போட்டு ஆடலாம் என்றது. ராய்கோ கோர்ட்டுக்குப் போனார். ஜெயித்தார். இப்படிப்பட்ட ஆளுக்கு மேட்டர் எப்படித் தீரும்?

பிப்ரவரி 11

துணிச்சல் கேள்விக்கு வருகிறேன். "அந்தக் காலத்து ஆட்களுக்கு முதுகெலும்பு இருந்தது" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ராய்கோ பத்தி தொடங்கிய காலத்தில் சிகாகோவில் 4 பெரிய நாளிதழ்கள் இருந்தன. ட்ரிப்யூன், சன் டைம்ஸ், டெய்லி நியூஸ், அமெரிக்கன். ஒரு பத்திரிகை முதலாளி மேயருக்குப் பயந்து ராய்கோவை நிறுத்தினால், மறுநாள் காலை வேறொரு முதலாளி கூப்பிட்டு அதிகச் சம்பளம் கொடுப்பார். இது மேயருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், எல்லாரையும் விட ராய்கோவுக்கு நன்றாகத் தெரியும். ராய்கோ என்ற மனிதரின் குணம் ஒரு பக்கம் இருக்கட்டும். போக இன்னொரு இடம் இருந்தது, அதுவும் நடந்து போகிற தூரத்தில். இதை விட்டுவிட்டு அந்தத் துணிச்சலைப் பற்றிப் பேசினால் பாதிக் கதைதான்.

ஒரே முதலாளியிடம் ஊரிலுள்ள எல்லாப் பத்திரிகையும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அல்லது ஊரில் பத்திரிகையே இல்லாமல் போனால்.

பிப்ரவரி 11, சற்று நேரம் கழித்து

"அவர் எங்கே இதழியல் படித்தார்" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கேயும் படிக்கவில்லை.

1932இல் பிறந்தார். அப்பா உக்ரைன் வழி, அம்மா போலந்து வழி. சிகாகோவில் மில்வாக்கி அவென்யூ என்கிற தெருவில் குடும்பமே ஒரு பார் நடத்தியது, அதற்கு மேலே மாடியில் வீடு. சின்ன வயதிலேயே கவுன்டருக்குப் பின்னால் நின்றவர். மாமூல் வாங்க வருகிற போலீஸ்காரரையும், தேர்தல் நேரத்தில் வந்து தோளில் கை போடுகிற வட்டாரக் கட்சிக்காரரையும் பார்த்தே வளர்ந்தார். நகராட்சி எப்படி இயங்குகிறது என்று பின்னால் அவர் எழுதியதெல்லாம் அங்கே பாடமானதுதான்.

கொரியப் போர் சமயத்தில் விமானப்படையில் சேர்ந்தார். ஊர் திரும்பி ஓஹேர் விமானத்தளத்துக்கு வந்தபோது ராணுவப் போலீஸாகவோ சமையல்காரராகவோ போடுவதாக இருந்தது. அதிலிருந்து தப்பிக்க, "நான் டெய்லி நியூஸில் நிருபராக இருந்தவன்" என்று அடித்துவிட்டார். தளத்துப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். சில நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகை நடத்துவது எப்படி என்று படித்தார். சில வருஷம் கழித்து, 1959இல், அதே டெய்லி நியூஸில் நிஜமாகவே சேர்ந்தார். பொய் சொன்னாலும் அதை நிறைவேற்றிக் காட்டினார்.

நடுவில் சிட்டி நியூஸ் பீரோ. போலீஸ் ஸ்டேஷன், பிணவறை, கோர்ட் என்று அலைந்து எல்லாப் பத்திரிகைக்கும் செய்தி கொடுக்கிற நிறுவனம் அது. "உன் அம்மா உன்னை நேசிப்பதாகச் சொன்னாலும் விசாரித்துப் பார்" என்பது அங்கே புதுப் பையன்களுக்குச் சொல்லித் தருகிற பாடம். விலாசத்தில் கதவு எண் தவறினால் இரவு 2 மணிக்குத் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் டெஸ்க்கில் இப்படி ஒரு தலைமை உதவி ஆசிரியர் இருந்தார். அவரைத் திட்டாத நாள் இல்லை. இறந்தவரின் வயதை இரண்டு பேரிடம் கேட்காமல் இன்றைக்கும் என்னால் எழுத முடியாது, அது அவர் போட்ட போடு.

பிப்ரவரி 12

சிகாகோவின் முத்திரையில் ஒரு லத்தீன் வாசகம் உண்டு, 'தோட்டத்துக்குள் ஒரு நகரம்' என்று அர்த்தம். அதைத் தூக்கிவிட்டு 'என் பங்கு எங்கே?' என்று லத்தீனில் போடச் சொன்னவர் ராய்கோ. சிகாகோ அரசியலைப் பற்றிக் கனமான ஆராய்ச்சியெல்லாம் வந்திருக்கிறது. யாரும் இதை விடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

மேயர் விவகாரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

ரிச்சர்ட் ஜே. டேலி 1955இல் மேயர் ஆனார், 1976 டிசம்பர் 20 அன்று சாகும்வரை அவர்தான் மேயர். ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் அமைப்பும் அவர் கையில். அதை 'மெஷின்' என்பார்கள். நகராட்சி வேலை வேண்டுமா, உன் வட்டாரத்தில் எத்தனை வோட்டு கொண்டுவருவாய் என்று கேட்பார்கள். குப்பை அள்ளுவது, மரத்தை வெட்டுவது, கடை லைசென்ஸ், மகனுக்கு வேலை, எல்லாம் அந்த வழியாகத்தான். நம்மூர் வாசகருக்கு இதை விளக்க அதிக நேரம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

டேலியை எதிர்த்துக் கோபமாக எழுதியவர்கள் வேறு சிலரும் உண்டு. ராய்கோ செய்தது வேறு. டேலி பேச்சில் உளறுவார், வாக்கியம் எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடியும். ராய்கோ அதை அப்படியே அச்சில் போடுவார், திருத்தாமல். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு கலவரம் வந்தது. தீ வைப்பவர்களைச் சுட்டுக் கொல்லவும், கொள்ளையடிப்பவர்களை முடமாக்கும்படி சுடவும் போலீஸுக்கு உத்தரவு போட்டதாக டேலியே வாய்விட்டுச் சொன்னார். அந்த ஆகஸ்டில் கட்சி மாநாட்டுக்கு வெளியே போலீஸ் இளைஞர்களையும் நிருபர்களையும் சேர்த்துத் தடியால் அடித்தது. ராய்கோவின் வாசகர்களில் பெரும்பாலோர் போலீஸ் பக்கம் நின்ற வெள்ளைக்காரத் தொழிலாளிகள். அவர்களைப் பார்த்தே எழுதினார். கிங் இறந்தபோது, சுட்டவன் ஒருத்தன்தான், ஆனால் துப்பாக்கியில் விரல் வைத்தவர்கள் லட்சக்கணக்கில் என்ற பொருளில் ஒரு பத்தி. அதைப் படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தன் விரல் ஞாபகம் வந்திருக்கும்! மேயரைத் திட்டுவதை விட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம். வாசகர் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தினால் எந்தப் பத்திரிகைக்கு மாறினாலும் அவரை மீட்க முடியாது.

1971இல் டேலி பற்றி 'பாஸ்' என்ற புத்தகம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் டேலி ஒரு வழக்கில் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியத்தின் துண்டோடு தொடங்கும். டேலியின் மனைவி தான் சாமான் வாங்கும் கடையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னார். கடைக்காரர்களும் பயந்து எடுத்தார்கள். செய்தி வெளியே கசிந்ததும் திரும்ப வைத்தார்கள். புத்தகத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அடுத்த வருஷம் பத்திக்காக புலிட்சர் பரிசு.

டேலி இறந்த அன்று கொண்டாடினாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நகரம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தார் அந்த மனிதர், நல்லதும் கெட்டதும் சேர்த்து, என்கிற மாதிரி எழுதினார். எதிரியை 20 வருஷம் கூர்ந்து பார்த்தவர் மட்டுமே அப்படி எழுத முடியும்.

பிப்ரவரி 14, திரும்பவும்

"மிராஜ் என்று பொய்யாக ஒரு பார் நடத்தி லஞ்சம் வாங்குகிற இன்ஸ்பெக்டர்களைப் பிடித்தது ராய்கோதானே" என்றவருக்கு: இல்லை. அது சன் டைம்ஸ் நிருபர்கள், 1977இல். ராய்கோ பாரில் பொறந்து வளர்ந்தவர், பாரை வாங்கி நடத்தித்தான் லஞ்சம் உண்டென்று தெரிய வேண்டிய நிலையில் அவர் இல்லை.

பிப்ரவரி 17

"திட்டுவது ஒரு திறமையா? தெருக்குழாயடியில் கூடத் திட்டுகிறார்கள்." நல்ல கேள்வி. ஒரே ஒரு பத்தியை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

1973 டிசம்பர். வியட்நாமில் ராக்கெட் தாக்கி முகமே போய்விட்ட ஓர் இளைஞர். கண், மூக்கு, பல், மேலண்ணம் எதுவும் இல்லை. சகோதரர் வீட்டின் அடித்தள அறையில் இருக்கிறார். திரவ உணவைப் பெரிய சிரிஞ்ச் மாதிரி ஒன்றால் தொண்டைக்குள் செலுத்திக்கொள்ள வேண்டும். கெட்டியாக ஏதாவது சாப்பிட முடியுமா என்று தனியார் மருத்துவரிடம் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார். முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறை பில்லைத் திருப்பி அனுப்புகிறது. காரணம்: இந்தச் சிகிச்சை போரில் ஏற்பட்ட ஊனத்துக்கானது அல்ல.

இதை எழுதும்போது நீங்களோ நானோ என்ன செய்வோம்? "இதயமற்ற அரசே" என்று ஆரம்பிப்போம். ராய்கோ அதைச் செய்யவில்லை. அந்த மனிதர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், எப்படிச் சாப்பிடுகிறார், என்ன கேட்கிறார் என்று நிதானமாகச் சொல்கிறார். அப்புறம் துறையின் வாசகத்தை எடுத்து வைக்கிறார். கோபப்படும் வேலையை நமக்கு விட்டுவிடுகிறார். துறை உடனே இறங்கி வந்தது. பில்லைக் கொடுக்க ஒத்துக்கொண்டது. 

மாவட்டப் பதிப்பில் ஓய்வூதியம் நின்றுபோன ஒரு பாட்டியைப் பற்றி எழுதியபோது "கண்ணீர்", "அவலம்", "கல்நெஞ்சம்" என்று எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். அந்தத் தலைமை உதவி ஆசிரியர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஓரத்தில் ஒரே வரி எழுதினார்: "பென்ஷன் எவ்வளவு? எத்தனை மாதமாக வரவில்லை?"

பிப்ரவரி 20

இப்போது நான் 11ஆம் தேதி சொன்ன விஷயத்தின் நிஜக் கதை.

டெய்லி நியூஸ் மாலைப் பத்திரிகை. டிவி வந்தது, வாசகர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள், மாலை டிராஃபிக்கில் பத்திரிகை வண்டி போய்ச் சேருவதே கஷ்டமானது. 1978 மார்ச் 4 அன்று கடைசி இதழ். ராய்கோவுக்குப் பெரிய அலைச்சல் இல்லை, டெய்லி நியூஸும் சன் டைம்ஸும் ஒரே முதலாளியுடையவை, ஒரே கட்டடம். சன் டைம்ஸில் பத்தி தொடர்ந்தது.

1983 முடிவில் சன் டைம்ஸை, பரபரப்புப் பத்திரிகைகளுக்குப் பேர்போன முதலாளி ரூபர்ட் மர்டாக்குக்கு விற்கிறார்கள் என்று ஊர்ஜிதமானது. மானமுள்ள மீன் எதுவும் மர்டாக் பத்திரிகையில் சுற்றப்படச் சம்மதிக்காது என்றார் ராய்கோ. 1984 ஜனவரியில் ட்ரிப்யூனுக்குப் போய்விட்டார். சன் டைம்ஸ் விடவில்லை, ஒப்பந்தம் இருக்கிறது என்று வழக்குப் போட்டது, அவருடைய பழைய பத்திகளை எடுத்து மறுபதிப்புச் செய்தது. ஊர்க்காரர்களுக்கு இரண்டு பத்திரிகையிலும் ராய்கோ! தடை கொடுக்க கோர்ட் மறுத்துவிட்டது.

இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? நடந்து பார்த்திருக்கிறேன். பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தால் ஒரு விஷயம் பேசி முடிப்பதற்குள் வந்துவிடும். நடுவில் மிஷிகன் அவென்யூவுக்குக் கீழே இன்னொரு தெரு ஓடுகிறது, படியிறங்கிப் போக வேண்டும், பகலிலும் விளக்கு எரியும். அங்கேதான் பில்லி கோட் டாவெர்ன். இரண்டு பத்திரிகைக்காரர்களும் குடிக்க வருகிற இடம். ராய்கோ பத்திரிகை மாறினார், பார் மாறவில்லை.

சன் டைம்ஸ் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று ட்ரம்ப் டவர் நிற்கிறது. ட்ரிப்யூன் டவரில் அடுக்குமாடி வீடுகள். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

பிப்ரவரி 20, இரவு

தூக்கம் வராமல் மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ராய்கோவைச் சாதகமாகவே எழுதியிருப்பதாக ஒருவர் குறைப்பட்டிருக்கிறார், அதில் விஷயம் இருக்கிறது. அவர் போன ட்ரிப்யூன் என்ன பத்திரிகை? காலங்காலமாகக் குடியரசுக் கட்சிப் பணக்காரர்களின் பத்திரிகை. ராய்கோவே வருஷக்கணக்காகக் கிண்டலடித்த பத்திரிகை. மர்டாக் பிடிக்காது என்று கிளம்பியவருக்குப் போக அது ஒன்றுதான் மிச்சம். 4 இருந்தது, 2 ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ட்ரிப்யூனோடு சண்டை வந்திருந்தால் எங்கே போயிருப்பார்? நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் அவர் பத்தியை வாங்கிப் போட்டன, அதனால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சிகாகோ மேயரைப் பற்றி சிகாகோக்காரன் காலையில் டீக்கடையில், மன்னிக்கவும், டோனட் கடையில் படிக்க வேண்டுமென்றால் சிகாகோவில் பத்திரிகை வேண்டும்.

பிப்ரவரி 22

சினாட்ரா கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். 1976. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா சிகாகோ வந்தபோது ஹோட்டல் அறைக்கு நகரப் போலீஸ் காவல் போட்டது ஏன், யார் காசு என்று ராய்கோ எழுதினார், போகிற போக்கில் அவர் தலையில் இருப்பது விக் என்றும் தொட்டுவிட்டார். சினாட்ராவிடமிருந்து கொதிக்கக் கொதிக்கக் கடிதம் வந்தது. வந்து என் முடியைப் பிடித்து இழு, கையோடு வந்தால் 1 லட்சம் டாலர் தருகிறேன், வராவிட்டால் உன் வாயில் ஒரு குத்து. ராய்கோ என்ன செய்தார்? கடிதத்தை அப்படியே பத்தியில் போட்டார். அன்றைய மேட்டர் முடிந்தது.

அன்றைய கலிஃபோர்னியா கவர்னர் ஜெர்ரி பிரவுனுக்கு 'மூன்பீம்' (நிலாக்கதிர்) என்று பட்டப்பெயர் வைத்தவரும் இவர்தான். பிற்பாடு அது நியாயமில்லை, விட்டுவிடுங்கள் என்று அவரே எழுதினார். யார் விட்டார்கள்?

பிப்ரவரி 25

கடைசிக் காலம். இதைத் தவிர்த்துவிட்டுப் போகத்தான் ஆசை, ஆனால் கேட்டுவிட்டார்கள்.

ராய்கோவின் பத்தியில் ஸ்லாட்ஸ் குரோப்னிக் என்று ஒரு கற்பனை ஆள் வருவார். போலந்துப் பேட்டைக்காரர், பாரில் உட்கார்ந்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்வார். ராய்கோ நேரடியாகச் சொல்ல முடியாததை ஸ்லாட்ஸ் சொல்வார். மில்வாக்கி அவென்யூ பாருக்கு மேல் மாடியில் வளர்ந்தவர் எழுதும்போது ஸ்லாட்ஸ் நிஜம். அதே ஆள் ஏரிக்கரை அடுக்குமாடிக்குக் குடிபோய், பிறகு வினெட்கா என்கிற பணக்காரப் புறநகருக்குப் போய், அங்கேயிருந்து எழுதும்போது? கொஞ்ச காலம் தன்னையே கிண்டல் செய்து சமாளித்தார். பேட்டை மாறிக்கொண்டிருந்தது. போலந்துக்காரர்கள் இருந்த தெருக்களில் மெக்சிகோக்காரர்கள் குடியேறியிருந்தார்கள். மாமூல் வாங்க வருகிறவரைப் பார்த்து வளர்கிற பையன் இப்போது ஸ்பானிஷ் பேசினான். ராய்கோவுக்கு அவனைத் தெரியாது.

1996இல் மெக்சிகோ பற்றி நக்கலாக ஒரு பத்தி எழுதினார். வெறுப்புப் பேசுகிற அரசியல்வாதி ஒருவரைக் கேலி செய்வதாக அவர் நினைப்பு. படித்தவர்களுக்கு மெக்சிகோக்காரர்களைக் கேலி செய்வதாகத்தான் பட்டது. ட்ரிப்யூன் டவர் வாசலில் கூட்டம் கூடி அவரை நீக்கச் சொன்னது. "நக்கல் புரியவில்லை" என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். நான் அந்தப் பத்தியைப் படித்திருக்கிறேன். நக்கல் புரிகிறது. ஆனால் 1968இல் தன் வாசகரைப் பார்த்து, உன் விரலும் துப்பாக்கியில் இருந்தது என்ற ஆள், இங்கே அந்த வாசகரோடு சேர்ந்து சிரிக்கிறார். ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றி எழுதியவற்றிலும் இந்தக் கோளாறு உண்டு. 1994 டிசம்பரில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானதும் இதே காலத்தில்தான்.

குடி அவரைக் கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. குடி முதலிலிருந்தே இருந்தது. புலம்புகிறவர்களின் ஃபோன் அடிப்பது நின்றதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அடித்தது, ஆனால் வேறு ஆட்கள் அடித்தார்கள்.

பிப்ரவரி 27

"அப்படியென்றால் கடைசியில் சரக்கு தீர்ந்துவிட்டது என்கிறீர்களா?" இல்லையப்பா. இரண்டு பத்திகளைச் சேர்த்துப் படியுங்கள், நடுவில் 25 வருஷம்.

முதலாவது 1972 அக்டோபர் 25. முந்தைய நாள் ஜாக்கி ராபின்சன் இறந்திருந்தார், பெரிய லீக் பேஸ்பாலில் நிறத் தடையை உடைத்த கறுப்பர். 1947 மே மாதம் அவர் சிகாகோ ரிக்லி மைதானத்தில் முதன்முதலாக ஆடியபோது பார்க்கப் போன 14 வயதுப் பையன் ராய்கோ. தெற்குப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் வந்திருந்தார்கள், சர்ச்சுக்குப் போகிற உடுப்பில். கத்தவில்லை. நிதானமாகக் கைதட்டினார்கள். பையன் ஆராதித்த உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் ஓடிவரும்போது ராபின்சனின் காலை மிதிக்கப் பார்த்தார். பிறகு ராபின்சன் அடித்த பந்து ஒன்று திசை தவறிப் பையன் கைக்கே வந்தது. பக்கத்திலிருந்த கறுப்பர் அதை 10 டாலருக்குக் கேட்டார். விற்றுவிட்டான். பந்தை வைத்திருக்கலாமே என்று சில தடவை தோன்றியதாகச் சொல்கிறார் ராய்கோ, அல்லது சும்மாவே கொடுத்திருக்கலாமே என்று. அந்த மனிதர் 10 டாலருக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அந்த வயதில் தெரியவில்லையாம். இனவாதம் என்ற சொல் கிடையாது, சொற்பொழிவு கிடையாது.

இரண்டாவது 1997 மார்ச் 21, அவருடைய கடைசிப் பத்தி. சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி ஏன் ஜெயிப்பதே இல்லை? 1945இல் பில்லி கோட் பார் முதலாளி தன் ஆட்டோடு மைதானத்துக்கு வந்தார், ஆட்டை உள்ளே விடவில்லை, அவர் சாபம் விட்டார் என்பது ஊர்க்கதை. அந்தக் கதையை ஊதிப் பரப்பியதில் ராய்கோவுக்கே பெரிய பங்கு உண்டு. கடைசிப் பத்தியில் அதை அவரே போட்டு உடைத்தார். ஆடும் இல்லை, சாபமும் இல்லை, அணி முதலாளி ரிக்லி கறுப்பர்களைச் சேர்க்காமல் இழுத்தடித்ததுதான் காரணம் என்றார். ராபின்சன் வந்தது 1947, கப்ஸ் தன் முதல் கறுப்பு ஆட்டக்காரரை இறக்கியது 1953 செப்டம்பர். நடுவில் எத்தனை நல்ல ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் அள்ளிக்கொண்டு போயின! மில்வாக்கி அவென்யூ, மெக்சிகோ, வினெட்கா எல்லாவற்றுக்கும் பிறகு வந்த பத்தி இது.

பிப்ரவரி 28

மனைவி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கரோல். 1979 செப்டம்பர் 19 அன்று, ராய்கோவின் பிறந்த நாளில், மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார், வயது 44. சில வாரம் பத்தி வரவில்லை. அதே வருஷம் நவம்பரில் ஒரு பத்தி வந்தது. விஸ்கான்சின் ஏரிக்கரையில் வார இறுதிக்குப் போகும் ஓர் இளம் ஜோடி, பின்னால் அவர்கள் அங்கேயே வாங்கிய வீடு, கடைசியில் அதை மூட அந்த ஆண் மட்டும் தனியாகப் போவது. முழுக்க 'அவன்', 'அவள்' என்றே போகும், ஓர் இடத்தில்கூட 'நான்' இல்லை. எங்கள் டெஸ்க்கில் இதைக் கொடுத்திருந்தால் "யார் இந்த ஆள், பெயர் போடு" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். சிகாகோவில் யாரும் கேட்கவில்லை.

மார்ச் 2

பில்லி கோட் பாருக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு: போகலாம். பத்திரிகைக்காரர்கள் பெயர் போட்ட பலகைகளைச் சுவரில் பார்க்கலாம். 1978இல் டிவி காமெடி நிகழ்ச்சி ஒன்று இந்தக் கடையை வைத்துத்தான் "சீஸ்பர்கர் சீஸ்பர்கர், ஃப்ரைஸ் கிடையாது, சிப்ஸ்தான்" என்று கிண்டல் செய்தது. கவுன்டரில் இன்றைக்கும் அதே ராகத்தில் கத்துவார்கள், மிரளாதீர்கள். பர்கர் சுமார்தான். ரொட்டி பெரிது, உள்ளே இறைச்சி மெல்லிசு. டபுள் வாங்குங்கள்.